‘ஃபினெகன்ஸ் வேக்’ படிக்கத் தொடங்குவது எப்படி? 213ஆம் பக்கத்திலிருந்து ஒரு வழிகாட்டி

ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘ஃபினெகன்ஸ் வேக்’ நாவலை ஆசையாக வாங்கி, முதல் பக்கத்தின் மூன்றாவது பத்தியில் வரும் நூறு எழுத்துச் சொல்லைப் பார்த்ததும் மூடி வைத்தவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கான கட்டுரை இது. ஆங்கில நாவல் ஒன்றை ஓரளவு தடங்கலின்றிப் படிக்க முடிந்தால் போதும். பிரெஞ்சோ லத்தீனோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. நாவல் எழுதப்பட்ட கதை, அதைத் திட்டியவர்கள், கொண்டாடியவர்கள் எல்லாம் வேறு இடங்களில் கிடைக்கும். ஒரு சொல்லுக்குள் அடுக்கி வைத்திருப்பதை எப்படிப் பிரிப்பது, பிரித்ததில் எது நிற்கும், எது நிற்காது, அதற்கு என்னென்ன வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சொல்லில் எத்தனை அர்த்தம் கண்டுபிடித்தீர்கள் என்பது முக்கியமே இல்லை. கண்டுபிடித்த அர்த்தம் அந்த வாக்கியத்தில், அந்த இடத்தில் ஏதாவது வேலை செய்கிறதா என்று பாருங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் இந்தச் சோதனைக்கு உங்களைத் தயார் செய்வதற்குத்தான்.

1. கையில் இருக்க வேண்டியவை

முதலில் நாவல். 1939இல் வந்த முதல் பதிப்பின் பக்க அமைப்பையே பெரும்பாலான பதிப்புகள் பின்பற்றுகின்றன. கதை 3ஆம் பக்கத்தில் தொடங்கி 628இல் முடியும். நிறைந்த பக்கம் என்றால் 36 வரி. இந்த நாவலைப் பற்றி உலகில் எங்கே பேசினாலும் பக்க எண், புள்ளி, வரி எண் என்றுதான் குறிப்பிடுவார்கள்: 3.15, 213.11, இப்படி. அதனால் பக்க எண் மாறிய பிரதி உங்களுக்குப் பயன்படாது. 2010இல் ‘மீட்டெடுக்கப்பட்ட’ பாடம் என்று ஒரு பதிப்பு வந்தது; பிறகு மலிவு வடிவத்திலும் வந்தது. அது உழைத்துச் செய்த நல்ல பதிப்பு. ஆனால் அதன் பக்க எண்கள் வேறு. முதல் பிரதியாக அதை வாங்காதீர்கள். கடையில் புரட்டிப் பார்க்க முடிந்தால் கடைசிப் பக்கத்தின் எண் 628தானா என்று மட்டும் பாருங்கள்.

இலவச மின்னூலில் ஆபத்து வேறு மாதிரி. பழைய அச்சை வருடி, கணினியை விட்டு எழுத்துகளை அடையாளம் காண வைத்த கோப்புகள் நிறையச் சுற்றுகின்றன. வேறு எந்த நாவலிலும் அச்சுப்பிழை கண்ணில் பட்டுவிடும். இதில் பிழை எது, ஜாய்ஸ் எழுதியது எது என்று உங்களால் சொல்ல முடியாது. இல்லாத ஓர் எழுத்துக்கு நீங்கள் அரை மணி நேரம் அர்த்தம் தேடிக்கொண்டிருப்பீர்கள். இரண்டே இடத்தைச் சோதித்தால் போதும். நாவலின் முதல் சொல்லான ‘ரிவர்ரன்’ சிறிய எழுத்தில் தொடங்க வேண்டும். கடைசிச் சொல்லான ‘த’ என்ற சுட்டுச்சொல்லுக்குப் பின் முற்றுப்புள்ளி இருக்கக் கூடாது. கடைசி வாக்கியம் பாதியில் நின்று முதல் வாக்கியத்தில் போய்ச் சேர்வதால் அப்படி. அந்த இடத்தைத் ‘திருத்தி’ வைத்திருக்கும் கோப்பை நம்ப வேண்டாம். தலைப்பில் ஃபினெகனுக்குப் பின் உடைமைக் குறியைப் போட்டிருந்தாலும் அப்படியே.

காப்புரிமை பற்றி: ஜாய்ஸ் 1941 ஜனவரியில் காலமானார். இந்தியாவில் ஆசிரியர் இறந்தபின் 60 ஆண்டு, இலங்கையிலும் பிரிட்டனிலும் 70 ஆண்டு. இரண்டும் எப்போதோ கடந்துவிட்டன. அமெரிக்காவில் மட்டும் 2034 முடியும்வரை காப்புரிமை நீடிக்கிறது. அங்கிருந்து நடக்கும் இலவச நூல் தளங்களில் கிடைக்கவில்லை என்றால் காரணம் இதுதான்.

இரண்டாவதாக ஒலிப்பதிவு. 1929இல் கேம்பிரிட்ஜில் ஜாய்ஸே தன் குரலில் வாசித்த பதிவு ஒன்று இருக்கிறது. எட்டரை நிமிடம் அளவில் ஓடும். 213ஆம் பக்கத்தின் 11ஆம் வரியில் தொடங்கி 216இல் முடியும். இணையத்தில் இலவசமாகக் கேட்கலாம். இது இல்லாமல் தொடங்கவே வேண்டாம் என்பேன்.

மூன்றாவது, குறிப்பு நூல். ரோலண்ட் மெக்ஹ்யூ தொகுத்த குறிப்புகள் 1980இல் முதலில் வந்தன. நான்காம் பதிப்பு 2016இல். நாவலின் ஒவ்வொரு பக்கத்துக்கும் அதில் ஒரு பக்கம். நாவலில் சொல் எந்த வரியில் இருக்கிறதோ ஏறக்குறைய அதே உயரத்தில் அதற்கான குறிப்பும் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் படிக்கலாம். விலை நாவலைவிட அதிகம், அதனால் முதல் ஆறு மாதம் வாங்காதீர்கள். ‘ஃப்வீட்’ என்ற இணையத் தொகுப்பு இலவசம்; பக்க, வரி எண் கொடுத்தால் அந்த வரிக்கான குறிப்புகள் வந்து விழும். தொடக்கத்துக்கு அது தாராளம்.

ஆக, ஒரு ரூபாய் செலவில்லாமல் தொடங்கலாம். நான்காவது தேவை ஒரு கோடு போட்ட நோட்டும் பென்சிலும்.

நேரக் கணக்கு: நான் சொல்லப்போகும் பத்துப் பன்னிரண்டு வரிக்கு முதல் முறை இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பழகிய பிறகு ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் என்பது நியாயமான வேகம். நாளுக்கு ஒரு பக்கம் விடாமல் படித்தால் 626 பக்கத்துக்கு இருபது மாதத்துக்கு மேல் ஆகும். கலிஃபோர்னியாவின் வெனிஸ் நகரில் ஒரு வாசிப்புக் குழு 1995இல் தொடங்கி 2023இல்தான் கடைசிப் பக்கத்தைத் தொட்டது. அவசரப்படுகிறவர்களுக்கு ஏற்ற நூல் இல்லை. அதே சமயம் ஒரு பக்கம் மட்டும் படித்தாலும் முழு மகிழ்ச்சி தரக்கூடியது.

2. எங்கே தொடங்குவது: 213.11

3ஆம் பக்கத்தில் தொடங்காதீர்கள். நாவலின் எல்லாக் கருக்களையும் அந்த ஒரே பக்கத்தில் அழுத்தி வைத்திருக்கிறார். முன்பின் தெரியாதவர்களுக்கு அதில் பிடிமானமே கிடைக்காது. 213ஆம் பக்கம் அப்படியில்லை. சூழல் எளிது: டப்ளினில் ஓடும் லிஃபி ஆற்றின் இரு கரையிலும் இரண்டு சலவைக்காரிகள் துணி துவைத்துக்கொண்டே அன்னா லிவியா என்பவளைப் பற்றி ஊர்வம்பு பேசுகிறார்கள். அன்னா லிவியா பெண்ணும்தான், அந்த ஆறும்தான். பொழுது சாய்கிறது. இருட்ட இருட்ட ஒருத்தி மரமாகவும் மற்றவள் கல்லாகவும் மாறிக்கொண்டிருக்கிறார்கள். ஆறு அகலமாகிறது, ஒருத்தி சொல்வது மற்றவளுக்குச் சரியாகக் கேட்பதில்லை.

இன்னொரு விவரமும் தேவை. இந்த அத்தியாயத்தின் வாக்கியங்களுக்குள் நூற்றுக்கணக்கான ஆறுகளின் பெயர்களை ஜாய்ஸ் கரைத்து வைத்திருக்கிறார். அத்தியாயம் முழுக்க இதுதான் விதி. விதி தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் இப்படி ஒரு விதியைத் தேடிப் பிடிப்பது நல்ல பழக்கம்.

அத்தியாயத் தலைப்புகளைத் தேடி அலையாதீர்கள். நூலில் தலைப்பும் இல்லை, அத்தியாய எண்ணும் இல்லை. நான்கு பாகம், 17 அத்தியாயம், I.8 என்று யாராவது எழுதினால் முதல் பாகத்தின் எட்டாம் அத்தியாயம், அதாவது 196 முதல் 216 வரை. நாம் இருப்பது அங்கேதான்.

3. முதலில் காது

பதிவை மூன்று முறை கேளுங்கள். முதல் முறை நூலைத் திறக்காமல். புரியாது, பரவாயில்லை, ஏற்ற இறக்கத்தை மட்டும் கவனியுங்கள். இரண்டாம் முறை விரலை வரியில் ஓட்டிக்கொண்டே. மூன்றாம் முறை நிறுத்தி நிறுத்தி, அவர் ஒரு வாக்கியம் சொன்னதும் நீங்களும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பதிவும் அச்சும் எங்காவது வேறுபட்டால் அச்சைப் பின்பற்றுங்கள்.

இதற்குக் காரணம் உண்டு. இந்த நாவலில் கண்ணுக்குத் தெரியும் எழுத்துக்கூட்டல் வேறு, காதுக்குக் கேட்கும் வாக்கியம் வேறு. காதில் பெரும்பாலும் மிகச் சாதாரண ஆங்கிலப் பேச்சுத்தான் விழும். அதுதான் முதல் அடுக்கு. அதைப் பிடிக்காமல் மற்ற அடுக்குகளுக்குப் போனால் தொங்குவதற்குக் கொம்பு இருக்காது. ‘டெர் வென்ட் இஸ் ரைசிங்’ என்ற வரியை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். காற்று எழும்புகிறது என்று ஒரு சலவைக்காரி சொல்வது கேட்கும். பிறகு எழுத்தைப் பாருங்கள்: டெர்வென்ட் இங்கிலாந்தில் ஓடும் ஆறு. ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்றும் ஆகிறது. ஜெர்மானியக் காதுக்குக் காற்று என்ற சொல்லே கேட்கும்.

நோட்டில் ஒவ்வொரு வாக்கியத்தின் கீழும் அந்த முதல் அடுக்கைத் தமிழில் எழுதுங்கள். அலங்காரம் வேண்டாம். ‘பாரு பாரு, இருட்டிக்கிட்டு வருது’, ‘அய்யோ என் முதுகு’, ‘இங்கேயே விரிச்சிடலாமா?’ என்று பேச்சுத் தமிழிலேயே எழுதினால் இன்னும் நல்லது. மூலமும் கரையோரப் பேச்சுத்தானே. முதல் அடுக்கு கிடைக்காத வாக்கியத்துக்கு ஒரு வெற்று வரி விடுங்கள். பத்தில் ஆறுக்குக் கிடைத்தால் நீங்கள் நன்றாகத்தான் படிக்கிறீர்கள்.

4. பிரிப்பது

இப்போது பென்சில். ஒரு சொல்லை எடுத்தால் இந்த வரிசையில் கேளுங்கள்: காதுக்கு என்ன கேட்கிறது? எழுத்துக்கூட்டலில் எந்த எழுத்து கூடுதல், எது மாறியிருக்கிறது? அந்த மாறிய எழுத்து எந்த மொழியையோ பெயரையோ காட்டுகிறது? அது இந்த இடத்தில் என்ன செய்கிறது? வரிசையை மாற்றாதீர்கள். மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறவர்கள்தான் காட்டில் தொலைகிறார்கள்.

பக்கத்தின் 20ஆம் வரியை ஒட்டி ஒரு வாக்கியம்: ‘கோதாவரி, வெர்ட் த ஷவர்ஸ்! அண்ட் க்ராண்ட் தாயா க்ரேஸ்! அமன்.’ ஆம், நம் கோதாவரிதான். துணி காய வேண்டுமே, மழை வந்துவிடக் கூடாதே என்ற வேண்டுதல் இது. ஆங்கிலத்தில் கடவுளைக் கூப்பிட்டு, மழையைத் தடுத்துவிடு, உன் அருளைத் தா, ஆமென் என்று சொல்வது காதுக்குக் கேட்கிறது. கடவுளுக்கான ஆங்கிலச் சொல்லும் ‘தடு’ என்பதற்கான சொல்லின் முதலெழுத்தும் ஒட்டிக்கொண்டு கோதாவரி ஆகிவிட்டன. மிச்சம் நிற்பது ‘வெர்ட்’. பிரெஞ்சில் அது பச்சை. இந்த ஆற்றுப் பெயர் இங்கே செய்யும் வேலை பெரியது: மழையை நிறுத்து என்று ஓர் ஆற்றிடமே வேண்டிக்கொள்கிறார்கள். கடவுளின் பெயருக்குள் ஆறு புகுந்துகொண்டதால் ஆறே தெய்வமாகிறது. ஆறுகளைத் தெய்வமாக வணங்கும் நாட்டிலிருந்து அந்தப் பெயர் வருகிறது. முதல் அடுக்கைக் கெடுக்காமல் அதன்மேல் இன்னொன்று உட்கார்ந்திருக்கிறது. நல்ல அடுக்குக்கு இதுதான் அடையாளம்.

அடுத்த சொல் ‘தாயா’. இது நமக்கென்றே வைத்த பொறி போல இருக்கும். காதுக்கு, ‘உன்’ என்பதற்கான பழைய ஆங்கிலச் சொல். ஆற்று விதிப்படி பார்த்தால் தாயா என்பது ஆஸ்திரியாவும் செக் நாடும் சந்திக்கும் பகுதியில் ஓடும் ஆறு. தமிழ்க் காதுக்கோ தயை கேட்கிறது, தாய் கூடக் கேட்கிறது. இங்கேதான் நோட்டில் மூன்று குறி வைத்துக்கொள்ள வேண்டும்: ‘உறுதி’, ‘இருக்கலாம்’, ‘என் காது’. ஆறு என்பது உறுதி. தயை என்பது இருக்கலாம்: வாக்கியம் அருளைப் பற்றியது, முந்தைய சொல் கோதாவரி, இரண்டு துணைகள் இருக்கின்றன. தாய் என்பது என் காது. அதை அழிக்க வேண்டாம், அந்தக் குறியோடு இருக்கட்டும். நாளைக்கு வேறொரு பக்கத்தில் துணை கிடைத்தால் மேலே ஏற்றலாம்.

‘அமன்’ என்பது ஆமென், அதோடு ‘ஒரு மனிதன்’. சில வரிகள் தள்ளி, விரிப்புகளின் நடுவே தழுவிக் கிடந்த ஓர் ஆணும் அவன் மணப்பெண்ணும் வருகிறார்கள். அங்கே ஆண் என்ற சொல்லைத் தனித்தனியாகவே எழுதுகிறார். முன்னால் வந்த ஒலி பின்னால் உடம்பெடுப்பது இந்த நூலில் சகஜம். ஒரு சொல்லைப் பிரித்ததும் மேலே ஐந்து வரி, கீழே ஐந்து வரி தேடுங்கள்.

இன்னும் சில, வேகமாக:

‘கென்னட்’: தெரியுமா தெரியாதா என்ற கேள்வி. ஸ்காட்லாந்துப் பேச்சில் ‘அதை அறி’; ஜெர்மனில் அறிவதற்கான வினை; இங்கிலாந்தில் ஓர் ஆறு.

‘ஃபீலூர்? ஃபிலூ!’: ஒரு கரையில் ஜெர்மனில் மணி என்ன என்று கேட்கிறார்கள். மறுகரையில் அது பிரெஞ்சில் ‘போக்கிரி’ என்ற வசவாகக் கேட்கிறது. ஆறு அகலமாகிவிட்டதை இரண்டே சொல்லில் காட்டிவிட்டார். பக்கம் முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

‘ஏக்ஸ்-லே-பெயின்ஸ்’: முதுகுவலிக்காரி போக விரும்பும் ஊர். பிரான்சில் வெந்நீர்க் குளியலுக்குப் பெயர்போன எக்ஸ்-லே-பெய்ன் ஊரின் பெயருக்குள் வலிக்கான இரண்டு ஆங்கிலச் சொற்கள்.

‘ரிங் அவுட் த க்ளோத்ஸ்! ரிங் இன் த ட்யூ!’: ஆங்கிலத்தில் துணி பிழிவதும் மணி அடிப்பதும் ஒரே ஒலி. ஆங்கிலக் கவிஞர் டென்னிசனின் 1850ஆம் ஆண்டுக் கவிதையில், பழையதை அனுப்பிவைத்துப் புதியதை வரவேற்க அடிக்கும் புத்தாண்டு மணி வரும். அந்த அடியைத்தான் துணிக்கும் பனிக்கும் மாற்றியிருக்கிறார். இதற்கு ஒரு வரி முன்னால் மணியும் அடித்திருக்கிறது, அதனால் உறுதி.

5. ஊரும் சடங்கும் தெரியாவிட்டால் பிடிபடாதவை

மேலே பார்த்தவை மொழி விளையாட்டு. மறைகுறிப்பு அதிலிருந்து வேறு: சொல்லைப் பிரித்தாலும், எதைக் குறிக்கிறது என்ற வெளித்தகவல் இல்லாமல் அர்த்தம் வராது. அந்த மணியையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘செக்ஸலாய்ட்டெஸ்’ என்று எழுதியிருக்கிறார். ஜூரிச் நகரத்தில் வசந்தத்தை வரவேற்கும் விழா ஒன்று உண்டு. மாலை ஆறு மணி அடிப்பதையொட்டி வந்த பெயர் அதற்கு. முதல் உலகப் போர்க் காலத்தில் ஜாய்ஸ் அந்த ஊரில் வாழ்ந்தவர். உடனே அடுத்து வரும் ‘கன்செப்டா டி செண்ட்-அஸ்-ப்ரே’ என்பது கத்தோலிக்கர்கள் காலை, நண்பகல், மாலை மணி அடிக்கும்போது சொல்லும் மூவேளைச் செபத்தின் லத்தீன் வரி: தூய ஆவியால் கருவுற்றாள் என்பது. அதற்குள் ‘எங்களைச் செபிக்க அனுப்பு’ என்ற ஆங்கிலமும் ஒலிக்கிறது. ஆக, ஜூரிச்சின் ஆறு மணியும் டப்ளினின் மாலைச் செபமும் ஒரே மணியோசை. கிறிஸ்தவப் பின்னணியில் வளர்ந்த வாசகருக்கு இது குறிப்பில்லாமலே கேட்கும். மற்றவர்களுக்கு அந்தச் செபத்தை ஒருமுறை படித்தால் போதும்.

‘வாட்டர்ஹவுஸின்’ கடிகாரம் இன்னும் நுட்பம். டப்ளின் டேம் தெருவில் அந்தப் பெயரில் இருந்த கடையின் கடிகாரம் அது. ஆனால் கடிகாரத்துக்கான ஆங்கிலச் சொல்லைச் சி, எல், ஓ, ஜி, ஹெச் என்று கூட்டியிருக்கிறார். ஐரிஷ் மொழியில் மணிக்கும் கடிகாரத்துக்கும் ஒரு சொல். ஜாய்ஸின் எழுத்துக்கூட்டலோடு ஓரெழுத்து மட்டும் வேறுபட்டது கல் என்ற ஐரிஷ் சொல். பேசுகிறவர்களில் ஒருத்தி கல்லாகிக்கொண்டிருக்கிறாள் என்பதை மறக்காதீர்கள். நேரம் கேட்கிற வாக்கியத்துக்குள்ளேயே அவள் கல்லாகத் தொடங்கிவிட்டாள்.

முழு நூலுக்கும் முன்கூட்டிப் படித்து வைக்க வேண்டியவை அதிகமில்லை. ஃபினெகன் ஏணியிலிருந்து விழுந்து செத்து, சாவு வீட்டில் விஸ்கி தெறித்ததும் எழுந்துகொள்ளும் ஐரிஷ் நகைச்சுவைப் பாட்டு (ஐந்து நிமிடம்). சுவரிலிருந்து விழுந்து உடையும் முட்டை மனிதன் ஹம்ப்டி டம்ப்டியின் குழந்தைப் பாட்டு (ஒரு நிமிடம்). இத்தாலியத் தத்துவவாதி வீக்கோவின் சுழற்சி வரலாற்றுக் கொள்கை. தெய்வங்களின் காலம், வீரர்களின் காலம், மனிதர்களின் காலம், பிறகு திரும்பவும் முதலிலிருந்து என்ற அளவுக்கு (அரை மணி). டிரிஸ்டன், இசோல்ட், மன்னன் மார்க் மூவரின் பழைய காதல் கதைச் சுருக்கம். ஐரிஷ் வீரன் ஃபின் மெக்கூல், அவன் சுவைத்த ஞான மீன். டப்ளின் வரைபடம், ஹவ்த் குன்றும் லிஃபி ஆறும் தெரிகிற மாதிரி. எல்லாம் சேர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்.

6. குறிப்பு நூலை எப்போது திறப்பது

உங்கள் பட்டியலை எழுதி முடித்த பிறகு மட்டும். முதலிலேயே திறந்தால் என்ன ஆகிறது என்றால், வாக்கியம் கேட்பதே நின்றுவிடும். ஒவ்வொரு சொல்லுக்கும் விடைத்தாள் பார்ப்பது போல ஆகிவிடும். குறிப்புத் தொகுப்புகளில் எடை கிடையாது. ஆற்றின் பெயர், தற்செயலான ஒலியொப்பு, ஆழமான மறைகுறிப்பு மூன்றும் ஒரே அளவு எழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். தரம் பிரிக்கும் வேலை உங்களுடையது. அங்கே கிடைப்பதையும் அதே மூன்று குறிகளுக்குள் கொண்டுவாருங்கள்.

கதைச் சுருக்கம் சொல்லும் நூல்களும் உண்டு. கேம்பெல்லும் ராபின்சனும் 1944இல் எழுதியது முதலில் வந்த முழுநீள வழிகாட்டி. எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள உதவும். ஆனால் மூலம் மங்கலாக வைத்திருக்கும் இடத்தைக்கூட இதுதான் நடந்தது என்று அடித்துச் சொல்லிவிடும். அத்தியாயத்தைப் படித்து முடித்த பிறகு பாருங்கள்.

7. சிலேடைப் பழக்கம் உதவும் இடமும் கெடுக்கும் இடமும்

காளமேகத்தைப் படித்தவர்களுக்கு இந்த நாவலில் ஒரு முன்னிலை உண்டு. பாம்புக்கும் எள்ளுக்குமான வெண்பாவில் ‘பிண்ணாக்கு’ வரும்போது, எள்ளுக்கு அது செக்கில் மிஞ்சும் சக்கை, பாம்புக்குப் பிளந்த நாக்கு என்று நாம் யோசிக்காமலே பிரித்துவிடுகிறோம். சொல்லை வேறிடத்தில் வெட்டிப் பார்க்கும் அந்தக் கைப்பழக்கம் ஜாய்ஸிடம் அப்படியே செல்லும்.

ஆனால் சிலேடை வெண்பாவில் பாம்பின் அர்த்தத்தை மட்டும் தனியாக எடுத்தாலும் முழுப் பாட்டும் ஒழுங்காக வரும். எள்ளை எடுத்தாலும் வரும். இங்கே அப்படி வராது. ஆற்றுப் பெயர்களை மட்டும் கோத்தால் எந்த வாக்கியமும் கிடைக்காது. இரண்டாம் அடுக்கு முதல் அடுக்கின்மேல் ஓரிடத்தில் தொட்டுவிட்டு நகர்ந்துவிடும். பக்கம் முழுக்கத் தொடரும் இரண்டாவது கதை ஒன்றை நீங்கள் கட்ட ஆரம்பித்தீர்கள் என்றால் நிறுத்திவிடுங்கள். அது நீங்கள் எழுதும் கதை.

சமஸ்கிருதத்திலும் இதே எச்சரிக்கை. 593ஆம் பக்கம், நான்காம் பாகம், ‘சந்த்யாஸ்!’ என்று மூன்று முறை கூவித் தொடங்குகிறது. இது உறுதியாகவே நம் சந்தியா: இரவு முழுக்க ஓடிய நூல் விடியலைத் தொடும் இடம். திருப்பலியில் மும்முறை சொல்லும் ‘சாங்க்தஸ்’ அதில் ஒலிக்கிறது. கவிஞர் டி. எஸ். எலியட்டின் 1922ஆம் ஆண்டு நெடுங்கவிதை மூன்று சாந்தியோடு முடிவதும் ஒலிக்கிறது. அவர் முடித்த விதத்தில் இவர் தொடங்குகிறார். இப்படி ஒன்று கிடைத்ததும் எல்லாப் பக்கத்திலும் சமஸ்கிருதமும் தமிழும் தெரியத் தொடங்கும். துணை இருக்கிறதா என்று கேளுங்கள்: அந்த வாக்கியத்தின் பொருள், அத்தியாயத்தின் விதி, அருகில் அதே மொழியின் இன்னொரு சொல். மூன்றில் ஒன்றாவது வேண்டும்.

காலமும் ஒரு சல்லடை. 383ஆம் பக்கம் ‘த்ரீ குவார்க்ஸ் ஃபார் மஸ்டர் மார்க்’ என்று தொடங்கும். இயற்பியல் படித்தவர்கள் துள்ளிக் குதிப்பார்கள். அணுத்துகளுக்கு அந்தப் பெயரை மரி ஜெல்-மான் இங்கிருந்து எடுத்தது 1964இல். நூல் 1939இல் வந்துவிட்டது. ஆகவே துகள் இங்கே அடுக்கு இல்லை. இங்கே இருப்பது மன்னன் மார்க்கைக் கேலி செய்யும் கடற்பறவைகளின் கூவல், மதுவின் அளவைக் குறிக்கும் சொல், ஜெர்மனில் ஒரு தயிர்ப் பாலாடைக்கட்டி.

8. இப்போது 3ஆம் பக்கம்

213இலிருந்து 216 வரை முடித்து, திரும்ப 196க்குப் போய் அந்த அத்தியாயம் முழுவதையும் படித்த பிறகு முதல் பக்கத்துக்கு வாருங்கள். ஒரு மாதம் ஆகியிருக்கும்.

இங்கே விதி விழுதல். எல்லாமே விழுகின்றன: ஃபினெகன் ஏணியிலிருந்து, முட்டை மனிதன் சுவரிலிருந்து, ஆதாம் ஏதேனிலிருந்து. மூன்றாம் பத்தியில் ‘வால்ஸ்ட்ரெய்ட் ஓல்ட்பார்’ என்று வரும். முதல் சொல்லில் நேராக நின்ற சுவர், நியூயார்க்கின் பங்குச் சந்தைத் தெரு. இரண்டாவதில் 152 வயதுவரை வாழ்ந்ததாகச் சொல்லப்பட்ட தாமஸ் பார் என்ற கிழவர், 1635இல் இறந்தவர். அதே ‘பார்’ ஆங்கிலத்தில் சால்மன் மீனின் குஞ்சுக்கும் பெயர். மகா கிழவரும் மீன்குஞ்சும் ஒரே சொல்லில். விழுந்தவர் மறுபடி பிறப்பார் என்பதை எங்கேயும் சொல்லாமலே சொல்லியாகிவிட்டது. ஃபின் மெக்கூலின் ஞான மீனும் சால்மன்தான்.

அந்த நூறு எழுத்துச் சொல் இடியோசை. பயப்படாமல் நோட்டில் பெரிதாக எழுதி வெட்டுங்கள். ‘கம்மினார்’ ஜப்பானிய இடி, ‘ப்ரொன்’ கிரேக்க இடி, ‘டொன்னெர்’ பிரெஞ்சு, ‘டுவோன்’ இத்தாலியன், ‘ட்ரோவர்’ போர்ச்சுகீஸ், ‘அவ்ன்ஸ்க’ ஸ்வீடிஷ், வால்பக்கம் ‘ஊர்டென்’ டேனிஷ். தொடக்கத்தில் வரும் ‘பாபாபா’ திக்குவாய். மொழிகள் குழம்பிப்போன பைபிள் கதையின் பாபேல் கோபுரமும் அதில் இருக்கிறது. வீக்கோவின் கதையில் முதல் மனிதர்கள் இடிக்குப் பயந்து குகைக்குள் ஓடுவதில்தான் வரலாறு தொடங்குகிறது. இது போல நூலில் பத்து இடிச்சொற்கள். ஒன்பதுக்கு நூறு எழுத்து, கடைசிக்கு நூற்றொன்று. கூட்டினால் 1001, அராபிய இரவுகளின் எண்.

இதே பக்கத்திலிருந்து முதலெழுத்துகளையும் கவனிக்கத் தொடங்குங்கள். ஹெச், சி, ஈ என்று தொடங்கும் மூன்று சொற்கள் அடுத்தடுத்து வந்தால் நாவலின் நாயகன் ஹம்ஃப்ரி சிம்ப்டன் இயர்விக்கர் அங்கே ஒளிந்திருக்கிறான் என்று அர்த்தம். முதல் வாக்கியம் முடியும் ‘ஹவ்த் காஸில் அண்ட் என்வைரன்ஸ்’ முதல் சான்று. ஏ, எல், பி வந்தால் அன்னா லிவியா; முழுப்பெயர் அன்னா லிவியா ப்ளூராபெல். இந்த இரண்டையும் ஓரத்தில் வட்டமிட்டுக்கொண்டே போனால், ஒன்றுமே புரியாத பக்கத்தில்கூட யார் பேச்சு நடக்கிறது என்று தெரியும்.

9. அடுத்த வரிசை, குழு

முதல் அத்தியாயத்துக்கு (3–29) பிறகு, கடிதத்தை ஆராயும் I.5 (104–125), எழுத்தாளன் ஷெம்மின் I.7 (169–195), கடைசியில் அன்னா லிவியா கடலில் கலக்கும் 619–628. இதற்கு மேல் வரிசை உங்கள் விருப்பம். II.2 (260–308) இரு ஓரக் குறிப்பும் அடிக்குறிப்புமாக அச்சாகியிருக்கும். நடுப்பத்தியை முதலில் படித்து முடித்துவிட்டு ஓரங்களுக்குப் போங்கள். II.3 (309–382) நூலிலேயே கடினமானது, கடைசிக்குத் தள்ளுங்கள்.

துணைக்கு ஆள் கிடைத்தால் நல்லது. நான்கிலிருந்து எட்டுப் பேர் வரை சரி. அதற்கு மேல் போனால் சிலர் பேசாமலே போவார்கள். ஆளுக்கு நாலு வரி உரக்கப் படியுங்கள். குறிப்பு நூல் ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும், கடைசிப் பத்து நிமிடம்வரை அவர் வாய் திறக்கக் கூடாது. எல்லாரும் இலக்கியக்காரர்களாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தேவாலயப் பாடகர், ஜெர்மனியில் வேலை பார்த்தவர், மீன் வகை தெரிந்தவர் என்று யாராவது இருந்தால், குறிப்பில் தேட வேண்டியது பாதி அங்கேயே கிடைத்துவிடும். ஒரு மணி நேரம் ஆனதும் பக்கம் முடியாவிட்டாலும் நிறுத்துங்கள். நிறுத்திய வரி எண்ணை நோட்டில் குறித்துவிட்டு, அடுத்த முறை அதற்கு ஐந்து வரி முன்னாலிருந்து தொடங்குங்கள்.